நனைத்த வைக்கோல்

அந்தத் தெருவில் அரிசி கிடைக்காது, உமி கிடைக்கும். கரும்பு கிடைக்காது, சக்கை கிடைக்கும். தேங்காய் வேண்டுமென்று போனால் மட்டையைக் காட்டுவார்கள். வாழைப்பழம் கேட்டால் வெட்டிப்போட்ட தண்டை வண்டியோடு தள்ளிவிடப் பார்ப்பார்கள். ஊர் தின்று முடித்த மிச்சத்தையெல்லாம் எடை போட்டு விற்கிற தெரு அது. உமி செங்கல் சூளைக்குப் போகும், சக்கை காகித ஆலைக்கு, மட்டை கயிற்றுக்கும் மெத்தைக்கும், தண்டில் உரித்த நார் பை நெய்கிறவர்களுக்கு. 'குப்பைன்னு ஒண்ணு கிடையாது, அதை வாங்கறவன் இன்னும் வந்து சேரலை, அவ்வளவுதான்' என்பது அங்கே பிறந்த பிள்ளைகள் நடை பழகுமுன் பழகுகிற பாடம்.

அந்தத் தெருவில் யாரிடமும் ஏமாறாதவள் என்று பேர் வாங்கியவள் தராசு. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது கையெழுத்துப் போடும்போது மட்டும் வெளியே வரும். மற்றபடி எல்லோருக்கும் தராசுதான். கல்யாணப் பேச்சு எடுத்து வந்தவர்களைக்கூட ஏற இறங்கப் பார்த்து, எடை குறைகிறது என்று அனுப்பிவிட்டாள் என்பார்கள். இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டாள். அதைப் பற்றி அவளுக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. வந்தவர்களுக்குத்தான் இருந்திருக்க வேண்டும்.

தெருக்கோடியில் ஒரு தகரக் கொட்டகை. அதைத் தராசும் அவள் அக்காவும் அக்காள் புருஷனும் சேர்ந்து நடத்தினார்கள். புது ஃபிரிட்ஜ் வாங்கினால் அட்டைப் பெட்டிக்குள் மூலைக்கு மூலை வெள்ளையாய் தெர்மாகோல் வைத்திருப்பார்களே, அந்த இடத்தில் வைக்க இவர்கள் வைக்கோலில் மூலைமெத்தை செய்தார்கள். வைக்கோலை நறுக்கி, சோடாக் காரம் போட்டு வேகவைத்து, கூழாக அடித்து, கம்பிவலை அச்சில் அள்ளிச் சூட்டோடு அழுத்தினால், கையில் எடுக்கப் பப்படம் மாதிரி லேசாக, மேலே ஏறி நின்றால் யானைக்கால் மாதிரி அசையாமல் ஒரு மெத்தை வரும். வைக்கோலை வாங்குவது தராசு. வேகவைப்பது அக்கா. அழுத்தும் இயந்திரம் அத்தானுடைய கைவேலை; பழைய லாரியின் எலும்புகளைப் பொறுக்கி அவரே கட்டியது.

கொட்டகை போடுகிற வரை அத்தான் இந்த ஊரில் வாழ்ந்தது கொஞ்ச நாள்தான். கல்யாணம் ஆன வருஷமே கடல் தாண்டிப் போய், யாரோ ஒருத்தருடைய கொதிகலனுக்குக் காவல் இருந்தார். அக்காவின் குடித்தனம் பாதிக்கு மேல் தொலைபேசியில் நடந்தது. சண்டை போட்டுக் கோபத்தில் கதவைச் சாத்தலாம் என்றால்கூட கதவுக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்க மாட்டார். 'கொட்டகை போடலாம், வந்துடுங்க அத்தான்' என்று கூப்பிட்டவள் தராசு. பெட்டியோடு வந்தார். அந்தப் பழுப்புத் தோல்பெட்டியைப் பரணில் போட்ட அன்றே அக்கா ஏணியை எடுத்துப் பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுத்துவிட்டாள்.

வைக்கோல் கொடுத்துக்கொண்டிருந்தவருக்குத் தெருவில் ஈரக்கை என்று பெயர். காரணப் பெயர்தான். வைக்கோலைத் தண்ணீர் காட்டி எடை ஏற்றுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மற்ற வியாபாரிகள் மேலே தெளிப்பார்கள், தொட்டால் தெரிந்துவிடும். ஈரக்கையின் கட்டு வெளியே சருகு மாதிரி சலசலக்கும். முழங்கை வரை கையை விட்டால்தான் உள்ளே குளம் தெரியும். அவர் கொண்டுவந்து இறக்குவார். தராசு கையை விடுவாள்.

"அண்ணே, வைக்கோல் வாங்க வந்தேன். மீன் இருந்தா அதையும் போட்டுக் கொடுங்க."

"என்னம்மா தங்கச்சி இப்படிச் சொல்ற? ராத்திரி பனி."

"பனி நடுக்கட்டுல மட்டும் பெய்யுதா?"

"பனிக்கு யார் வழி சொல்றது?"

ஈரத்துக்கு இவ்வளவு கழிவு என்று அவள் சொல்வாள், அவர் நெஞ்சில் கை வைத்துக்கொள்வார், இருவரும் டீ குடிப்பார்கள், வழக்கமான இடத்தில் வந்து நிற்பார்கள். அவர் நனைப்பதும் இவள் கழிப்பதும் ஆண்டுக்கணக்காக நடந்ததில் யாருக்கும் நஷ்டமில்லை. யாரும் அதைக் களவு என்றும் சொல்லவில்லை. அது ஒரு மரியாதை.

அந்த மரியாதையைக் கெடுத்தவள் தராசுதான்.

ஃபிரிட்ஜ் கம்பெனிக்கு மாதிரிக்காக அனுப்பிய மெத்தைகள் தேறிவிட்டன. கம்பெனியின் சோதனை அதிகாரி, இரும்பு மூக்கு வைத்த பூட்ஸ் போட்ட ஒரு இளம் பெண், மெத்தை வைத்துக் கட்டிய ஃபிரிட்ஜை இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டுப் பார்த்தாள். 'தொப்' என்றது. பிரித்துப் பார்த்து, "ம்" என்றாள். வார்த்தைக்குத் தனியாக வரி கட்டுகிறவள்போல அவ்வளவு சிக்கனம். முழுச் சரக்கும் இதேபோல இருந்தால் தெர்மாகோலை நிறுத்திவிடுவதாகச் சொன்னாள். வருஷம் பூராவும் வேலை.

பெரிய இடத்துச் சகவாசம் வந்ததும் தராசுக்குத் தலைக்குள் ஒரு காற்று புகுந்தது. இனிமேல் பழைய ஏமாற்று வேலையெல்லாம் ஆகாது, எல்லாம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று, ஈரம் பார்க்கிற மீட்டர் ஒன்று வாங்கினாள். நீள ஊசி, தலையில் ஒரு சின்னத் திரை. அதைக் கொட்டகைக்குள் வைத்து உபயோகித்திருக்கலாம். எடைமேடைக்குப் பக்கத்தில், காலைக் கூட்டத்தின் நடுவில், எல்லோரும் பார்க்க ஈரக்கையின் கட்டில் குத்தினாள். மீட்டர் கோழிக்குஞ்சு மாதிரி கத்தியது. உமிக்காரர் சிரித்தார், மட்டைக்காரி சிரித்தாள், எடை போடுகிறவன் படிக்கல்லைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

ஈரக்கை சிரிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"கை வெச்சுப் பாத்த வரைக்கும் நீ வியாபாரி. இப்ப ஊசி போட ஆரம்பிச்சுட்ட. எனக்கு வைத்தியம் வேண்டாம்மா."

அந்தக் கட்டை அப்படியே விட்டுவிட்டுப் போனார். "உங்க கட்டை எடுத்துட்டுப் போங்க" என்று இவள் ஆள் அனுப்பினாள். "குத்தினவளே வெச்சுக்கட்டும்" என்று பதில் வந்தது. ஆகவே அந்த ஒரு கட்டு கொட்டகைக்குப் பின்னால் ஒரு தார்ப்பாயின் கீழ் அனாதையாய்க் கிடந்தது. இவள் தொடவில்லை, அவர் எடுக்கவில்லை. வைக்கோல்போர் நாய்கூட அதன் பக்கம் போகவில்லை.

புது வியாபாரி மேட்டுநிலத்து ஆள். அவர் வைக்கோல் பொன் நிறம். மீட்டர் வாயைத் திறக்கவில்லை. கட்டைத் தட்டினால் சங்கீதம் கேட்டது. தராசு அதை நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டினாள். "இதுதான்க்கா வைக்கோல்" என்றாள் அக்காவிடம். அக்கா ஒரு கைப்பிடி எடுத்துப் பார்த்து, "கை கூசுது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவள் எப்போதுமே குறைவாகப் பேசுகிறவள் என்பதால் யாரும் கேட்கவில்லை.

முழுச் சரக்கையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். பூட்ஸ் பெண் நடுவிலிருந்து எட்டு மெத்தைகளை உருவி, ஃபிரிட்ஜில் கட்டி, தூக்கிப் போடச் சொன்னாள். இந்தத் தடவை 'தொப்' என்று கேட்கவில்லை. 'படீர்' என்றது. மூலைமெத்தை அப்பளம் மாதிரி நொறுங்கி, ஃபிரிட்ஜின் தாடை உள்ளே போயிருந்தது.

"மாதிரி நல்லா இருந்தது. சரக்கு நல்லா இல்லை" என்றாள் அவள். "இதுல எது நீங்க?"

தராசு நொறுங்கிய துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

"மாசக் கடைசியில இன்னொரு தடவை போடலாம். அப்பவும் உடைஞ்சா, மன்னிச்சுக்குங்க, தெர்மாகோலே போதும்."

வீட்டுக்கு வந்ததும் அத்தானின் தொலைபேசி அடித்தது. பழைய கொதிகலன் மேஸ்திரி. இடம் மறுபடி காலியாகியிருக்கிறதாம். மாசக் கடைசி வரை வைத்திருப்பாராம். அத்தான், "பாக்கலாம் மேஸ்திரி" என்றார். முடியாது என்று சொல்லவில்லை. மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு ஏணி திரும்பி வந்திருந்தது. பெட்டி பரணிலிருந்து இறங்கிக் கூடத்தில் இருந்தது. அக்கா அதன்மேல் இருந்த தூசியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள், ஒரு மூலைகூட விடாமல்.

அவள் அழுதிருந்தால் தராசு தாங்கியிருப்பாள். அவள் துடைத்ததுதான் தாங்கவில்லை.

அதன்பிறகு கொட்டகையில் குற்றவாளியைத் தேடும் படலம். அத்தான் தன் இயந்திரத்தின் மேல்தான் சந்தேகப்பட்டார். நட்டு நட்டாகக் கழற்றி முற்றத்தில் பரப்பினார். சூடு சரியாக இருந்தது, அழுத்தமும் சரி. அக்கா கூடுதல் நேரம் வேகவைத்தாள். கூழ் கறுத்து, மெத்தை ரொட்டி மாதிரி பொரிந்தது. காரத்தைக் கூட்டினாள், முன்னைவிட மோசமாக உடைந்தது. காரத்தைக் குறைத்தாள், குச்சி குச்சியாக நின்றது. தராசு வலை விற்றவனோடும், காரம் விற்றவனோடும், கடைசியில் எதற்கும் இருக்கட்டும் என்று விறகு விற்றவனோடும் சண்டை போட்டாள்.

சண்டைக்கு ஆள் தீர்ந்துபோன ஒரு பிற்பகலில் கொட்டகைக்குப் பின்னால் போய் உட்கார இடம் தேடினாள். முற்றத்து நாற்காலியில் அத்தானின் இயந்திரக் குடல் கிடந்தது. வேறு வழியில்லாமல் அந்த அனாதைக் கட்டின் மேல் உட்கார்ந்தாள். கட்டு மெத்தென்று அமுங்கியது. அடுத்து யாரைக் குற்றம் சொல்லலாம் என்ற யோசனையில், தார்ப்பாய்க்குக் கீழே கைவிட்டு ஒரு வைக்கோலை உருவி விரலில் சுற்றினாள். பிறகு இன்னொன்று. கொஞ்ச நேரம் கழித்துக் குனிந்து பார்த்தால், நாலு விரலிலும் வைக்கோல் மோதிரம்.

வைக்கோல் மோதிரம் ஆகாது. ஒடியும். பிறந்ததிலிருந்து வைக்கோலை அளைந்தவளுக்கு அது தெரியும். எழுந்து ஓடிப்போய் மேட்டுநிலத்துப் பொன் வைக்கோலை எடுத்து விரலில் சுற்றினாள். 'டிக்' என்று ஒடிந்தது. இன்னொன்று. 'டிக்'. திரும்பி வந்து அனாதைக் கட்டிலிருந்து ஒரு கற்றை இழுத்தாள். நிறம் மங்கி, லேசாகக் குளத்து வாசனையோடு, ஈர நூல் மாதிரி வளைந்தது. கட்டின் நடுவில் கை வைத்தால் வெதுவெதுப்பு.

தராசுக்கு விஷயம் விளங்கிவிட்டது. இத்தனை வருஷமும் அந்த மனிதர் எடைக்காக நனைத்தார்; நனைத்தது தெரியாமலிருக்க நாள்கணக்கில் மூடி வைத்தார்; மூடி வைத்ததில் வைக்கோல் தன் முரட்டுத்தனத்தை விட்டு நார் பிரியத் தயாராகி வந்தது. எந்தக் களவுக்காக அவள் மாதாமாதம் கழித்தாளோ, அந்தக் களவுதான் அவளுக்குப் பாதி வேலையைச் செய்து கொடுத்திருக்கிறது.

அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னாள். அக்கா அந்தக் கட்டைத் தொட்டிக்குள் போட்டு எப்போதும்போல வேகவைத்தாள். வந்த மெத்தையை அத்தான் சுவரில் அறைந்தார், மிதித்தார், பல்லால்கூட ஒரு முறை இழுத்தார். சுவர்தான் உதிர்ந்தது.

"அப்போ நாமளே நனைச்சுக்கலாம். தண்ணியில என்ன ரகசியம்?" என்றார் அத்தான்.

நனைத்தார்கள். குழாயைத் திறந்துவிட்டு மேட்டுநிலத்துக் கட்டுகளைக் குளிப்பாட்டி மூடினார்கள். நாலைந்து நாளில் வெளிப்பக்கம் கறுத்துப் பூஞ்சை பூத்தது, உட்பக்கம் பழையபடி 'டிக்' என்றது. நாற்றத்தில் பக்கத்து வீட்டுக்காரி ஏணியைத் திருப்பிக் கேட்டாள்.

"அழுகறது வேற, பதமாகறது வேற" என்றாள் அக்கா. பிறகு தங்கையைப் பார்த்தாள். "போ."

"எங்க?"

"எங்கன்னு உனக்குத் தெரியும்டி."

ஈரக்கையின் கிடங்கு ஒரு பாசிபிடித்த குட்டைக்குப் பக்கத்தில். வாசலில் புதுப் பலகை: 'காய்ந்த வைக்கோல் மட்டும்'. உள்ளே அவர் கழுத்தில் ஒரு ஈர மீட்டர் டாக்டர் குழாய் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

"வாம்மா தங்கச்சி. உக்காரு. கட்டு காஞ்சது, பயப்படாம உக்காரலாம்."

தராசு உட்கார்ந்தாள். எந்த வியாபாரியும் கேட்கவேண்டியதை முதலில் கேட்க மாட்டான். அவள் வெயிலைப் பற்றிப் பேசினாள். அவர் அறுவடையைப் பற்றிப் பேசினார்.

"அண்ணே, பழைய மாதிரி சரக்கு ஏதாவது இருக்குமா?"

"பழைய மாதிரின்னா?"

"முன்ன கொடுப்பீங்களே."

"முன்னயும் காஞ்சதுதான் கொடுத்தேன். ராத்திரி பனி விழுந்தா நான் என்ன பண்றது?"

"அந்தப் பனிதான் வேணும்."

அவர் மீட்டரைத் துடைத்தார். "இப்பெல்லாம் பனி கிடையாதும்மா. ஒருத்தி ஊசி குத்தினதுல பனிக்கே பயம் வந்துருச்சு."

இப்படியே ஒரு டீ காலியாயிற்று. நனைத்தீர்கள் என்று அவள் சொன்னால் பழைய அவமானத்தைக் கிளறினதாகும். நனைத்தேன் என்று அவர் சொன்னால் வருஷக்கணக்கில் நெஞ்சில் கை வைத்ததெல்லாம் பொய்யாகிவிடும். தண்ணீர் என்ற சொல்லை இரண்டு பேரும் தாண்டித் தாண்டி நடந்தார்கள், மழைக்காலத் தெருவில் பள்ளம் தாண்டுகிற மாதிரி.

கடைசியில் தராசு டம்ளரைக் கீழே வைத்தாள். பேரம் பேசுகிறவள் எழுந்து போய்விட்டு, வேறு ஒருத்தி அந்த இடத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"அண்ணே, அத்தான் பெட்டியை இறக்கிட்டார். அக்கா அதைத் துடைச்சு வெச்சிருக்கா. மாசக் கடைசியில மெத்தை உடைஞ்சா அவர் போயிடுவார். அவ மறுபடியும் போனைக் காதுல வெச்சுக்கிட்டு வாழணும். என் வாயாலயும் அந்த ஊசியாலயும் வந்த வினை. உங்க வைக்கோல் இல்லாம என்னால முடியல."

ஈரக்கை கழுத்து மீட்டரைக் கழற்றிக் கீழே வைத்தார். மனம் இளகியதோ என்னவோ, வியாபாரம் இளகவில்லை.

"நடுத்தெருவுல குத்தின ஊசி. நடுத்தெருவுலதான் உருவணும். நாளைக்குக் காலையில எடைமேடைகிட்ட, எல்லாரும் கேக்கச் சொல்லு. என் வைக்கோல்தான் வேணும்னு சொல்லு. அப்புறம் பேசலாம்."

மறுநாள் காலை எடைமேடை வழக்கம்போல் சந்தைக்கடையாக இருந்தது. ஈரக்கை புதுத் துண்டு போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி தள்ளி நின்றார். தராசு மேடைமேல் ஏறினாள். அவள் ஏறியதும் முள் ஆடியது. அதற்கே ஒருத்தன் சிரித்தான்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. அன்னிக்கு அண்ணன் வைக்கோலைக் குத்தி அவமானப்படுத்தினேன். தப்பு என் மேல. எங்க கொட்டகைக்கு அண்ணன் நனைச்சுக் கொடுக்கிற வைக்கோல்தான் வேணும். வேற யார் வைக்கோலும் ஆகாது."

மட்டைக்காரிதான் ஆரம்பித்தாள்.

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதை கேட்டிருக்கோம். ஓநாயே வந்து, நல்லா நனைச்சுக் குடுங்கன்னு கேக்கறதை இப்பதான்டி பாக்கறோம்!"

தெரு வெடித்துச் சிரித்தது. தராசும் சிரித்தாள், முதலில் வேறு வழியில்லாமல், பிறகு உண்மையாகவே. சிரிப்பு அடங்குமுன் உமிக்காரர் மெல்லத் திரும்பினார்.

"அது சரி, அப்போ இத்தனை வருஷமும் நனைச்சது நெசம்தானா?"

ஈரக்கையின் முகம் மாறியது. மன்னிப்புக் கேட்கச் சொன்னவர், அந்த மன்னிப்புக்குள் தன்னுடைய ஒப்புதலும் சேர்ந்து வரும் என்று யோசிக்கவில்லை. வைக்கோல் வாங்கிய இன்னும் பத்துப் பேர் அவரைப் பார்த்தார்கள். மாட்டுக்கு வாங்கியவர், கூரைக்கு வாங்கியவர், காளான் போட வாங்கியவர். தராசு மேடையிலிருந்து அவரைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினாள், 'பாத்து வாங்க, பள்ளம்' என்பதுபோல. தோற்றாலும் அவள் பரம்பரை வியாபாரி.

ஆனால் ஈரக்கையும் சும்மா வந்தவரில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்து, மறுபடி தோளில் போடுவதற்குள் பாதையைக் கண்டுபிடித்துவிட்டார்.

"நனைச்சேன்னு எவன் சொன்னது? பதம் போட்டேன். கண்டவனும் தண்ணி தெளிச்சா அது நனைக்கிறது. நாருக்கு நோகாம உள்ளுக்குள்ள பதம் ஏத்தறது ஒரு தொழில். ஃபிரிட்ஜ் கம்பெனிக்கே என் பதம்தான் வேணுமாம், காதுல விழுந்துச்சில்ல?"

"எங்க மாட்டுக்கு எதுக்குய்யா பதம்?" என்றார் மாட்டுக்காரர்.

"உங்க மாடு எப்பவாச்சும் என்கிட்ட குறை சொல்லியிருக்கா?"

மாட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். காளான்காரர் மட்டும் ஏதோ நினைவு வந்தவராய், "உங்க வைக்கோல்ல காளான் நல்லாத்தான் வரும்" என்றார். அந்த ஒரு சாட்சி போதுமாக இருந்தது. அன்று மதியத்துக்குள் களவு தொழிலாகிவிட்டது. அந்தத் தெருவில் அது அதிசயமில்லை; குப்பையே சரக்காகிற இடம்.

பேரம் பிறகு கொட்டகை வாசலில் நடந்தது, இரண்டு பேருக்கும் நெடுநாள் பசி தீர்கிற மாதிரி. முடிவு இது: வைக்கோலைக் காய்ந்தபடியே எடை போட வேண்டும், அதுவும் தராசின் கை உள்ளே போய் வந்தபிறகு. பதம் போடுவது இங்கேயே, கொட்டகை முற்றத்தில். அதற்குத் தனிக் கூலி. தண்ணீருக்குக் காசு கொடுக்க மாட்டேன் என்றாள். குட்டைத் தண்ணீர் சும்மா வரும், அதைச் சுமக்கிற முதுகு சும்மா வராது என்றார். கடைசியில் டீ மட்டும் இவள் கணக்கு என்று முடிந்தது.

ஈரக்கை தன் ஆயுதங்களோடு வந்தார்: சல்லடைபோல் ஓட்டை போட்ட முழ நீளக் குழாய்கள், ஒரு மரச் சுத்தி, குடம் குடமாய்ப் பாசித் தண்ணீர். குழாய்த் தண்ணீரை அவர் தொடவில்லை. "அது செத்த தண்ணி. வேலை செய்யறது இந்தப் பாசியில இருக்கற உசுருதான்" என்றார். குழாயைக் கட்டின் நெஞ்சுக்குள் அடித்து இறக்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். கட்டுகளை இடைவெளியில்லாமல் அடுக்கித் தார்ப்பாய் போட்டுக் கல் வைத்தார். நடுவில் ஒரு நாள் எல்லாவற்றையும் தலைகீழாகப் புரட்டினார். தினமும் கையை உள்ளே விட்டுப் பார்ப்பார். லேசாகக் காய்ச்சல் வந்த குழந்தையின் நெற்றி மாதிரி இருக்க வேண்டுமாம். அதற்கு மேல் சுட்டால் அழுகல், அதற்குக் கீழே போனால் தூக்கம். அத்தான் ஒரு பழைய வெப்பமானியை முழ நீளக் கம்பியில் கட்டிக் கொடுத்தார். முதலில் முறைத்த ஈரக்கை, தன் கை சொன்னதையே அதுவும் சொன்னதும் அதை மதிக்க ஆரம்பித்தார். அக்கா பதமான வைக்கோலுக்கு வேகும் நேரத்தைக் குறைத்தாள். விறகு மிச்சமானது, காரமும் பாதி போதுமாயிற்று.

மாசக் கடைசி நெருங்கியது. மெத்தைகள் வந்துவிட்டன. உறுதியாகத்தான் தெரிந்தன. ஆனால் பொன் வைக்கோல் மெத்தையும் உறுதியாகத்தான் தெரிந்தது.

"கம்பெனிக்குக் கொண்டு போறதுக்கு முன்ன நாமளே ஒரு ஃபிரிட்ஜைப் போட்டுப் பாக்கணும்" என்றார் அத்தான்.

"ஃபிரிட்ஜுக்கு எங்க போறது?" என்றாள் தராசு.

மூன்று பேரும், டீக்கு வந்த ஈரக்கையும், மெதுவாக வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வீட்டில் ஒரு ஃபிரிட்ஜ் இருந்தது. அத்தான் முதல் சம்பளத்தில் அனுப்பிய பணத்தில் அக்கா வாங்கியது.

அக்கா எழுந்து போனாள். பாலை எடுத்து வெளியே வைத்தாள், காய்கறியை எடுத்துக் கூடையில் போட்டாள், தட்டுகளைக் கழற்றிக் கழுவிக் கவிழ்த்தாள். உள்விளக்கை ஒருமுறை எரியவிட்டுப் பார்த்து, மின்கம்பியைப் பிடுங்கினாள்.

"ம், போடுங்க" என்றாள்.

"யோசிச்சுக்க. உடைஞ்சா…" என்றார் அத்தான்.

"உடைஞ்சா நீங்க போகத்தானே போறீங்க. போய் இன்னொண்ணு வாங்கி அனுப்புங்க."

அக்கா அவ்வளவு நீளமாகப் பேசி அன்றுதான் கேட்டார்கள்.

எட்டு மூலைக்கும் மெத்தை வைத்து, அட்டை சுற்றி, கயிறு கட்டினார்கள். ஆண்கள் இருவரும் ஒரு பக்கம், அக்கா தங்கை ஒரு பக்கம். இடுப்பு உயரம் என்றால் யாருடைய இடுப்பு என்று ஈரக்கை கேட்டார், அவர் குள்ளம். அத்தானின் இடுப்பு என்று முடிவானது. தூக்கினார்கள். "விடுங்க" என்று தராசு சொல்ல வேண்டும். அவள் சொல்லுமுன் அக்காதான் முதலில் கையை எடுத்தாள்.

'தொப்.'

எவ்வளவு அழகான சத்தம் என்று தராசுக்குப் பட்டது. கயிற்றை அறுத்தார்கள். மெத்தைகள் கொஞ்சம் நசுங்கி, பொறுமையாக உட்கார்ந்திருந்தன. ஃபிரிட்ஜின் மூலைகளை அத்தான் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். அக்கா மின்கம்பியைச் செருகிக் கதவைத் திறந்தாள். விளக்கு எரிந்தது. அவள் பாலை எடுத்து உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள், எல்லாக் கதவையும் சேர்த்துச் சாத்துகிறவள் மாதிரி ஓசையோடு.

கம்பெனியில் பூட்ஸ் பெண் ஒரு தடவைக்கு மூன்று தடவை போட்டாள். ஒவ்வொன்றையும் தொலைபேசியில் படம் பிடித்து மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தாள். பிரித்தாள், மெத்தையை மூக்கருகே கொண்டுபோனாள்.

"குளத்து வாசனை லேசா வருது."

"பனி மேடம்" என்றாள் தராசு, சட்டென்று. பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, "பதம். வைக்கோலைப் பதம் போட்டுத்தான் செய்யறோம். அதுக்குன்னு தனியா ஆள் வெச்சிருக்கோம்."

பூட்ஸ் பெண் முதல் தடவையாகச் சிரித்தாள். "அந்த ஆளை விட்டுடாதீங்க" என்றாள். அவள் கணக்கில் அது ஒரு சொற்பொழிவு.

அவர்கள் திரும்பி வந்தபோது ஈரக்கை முற்றத்தில் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தார். சேதி கேட்டதும் ஒரு குடத்தை அப்படியே கீழே போட்டார்; அது மெத்தை இல்லாமலே தப்பித்தது. பிறகு நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, கூலியைப் பற்றி மறுபடி பேச வேண்டும் என்றார். தராசு, இவ்வளவு சீக்கிரம் கேட்டது அநியாயம் என்றாள். இருவர் முகத்திலும் பண்டிகை.

"அது கிடக்கட்டும். இந்தக் குழாய், மீட்டர், வெப்பமானி எல்லாம் தினம் தூக்கிட்டுப் போய் வர முடியல. போட்டு வைக்க ஒரு பெட்டி இருந்தா குடும்மா" என்றார் அக்காவிடம்.

அக்கா உள்ளே போனாள். பழுப்புத் தோல்பெட்டியோடு வந்தாள். அதிலிருந்த சட்டைகளை எப்போதோ எடுத்து அலமாரியில் அடுக்கிவிட்டிருந்தாள் போலிருக்கிறது. மூடியைத் திறந்து அவர் காலடியில் வைத்தாள். ஈரக்கை மீட்டரையும் வெப்பமானியையும் போட்டார். குழாய்களை ஒவ்வொன்றாக அடுக்கினார். சொட்டச் சொட்ட. பாசித் தண்ணீர் தோலில் பரவி, மூலைகளில் தேங்கியது.

"யோவ், அது என் பெட்டி!" என்று அத்தான் ஓடிவந்தார். "தோல்பெட்டிய்யா! ஈரம் பட்டா வீணாயிடும், அப்புறம் அதை எடுத்துக்கிட்டு எங்கயும் போக முடியாது!"

"ஆமா" என்றாள் அக்கா.

அத்தான் நின்றார். அக்காவைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். அவர் சட்டைப் பையில் தொலைபேசி அடித்தது. எடுத்துப் பார்த்து, "மேஸ்திரி" என்றார் பொதுவாக. காதில் வைத்துக்கொண்டு, "இல்லைங்க மேஸ்திரி, வேற ஆளைப் பாத்துக்குங்க. என் பெட்டி நனைஞ்சுடுச்சு" என்று சொல்லிக்கொண்டே குனிந்து, சரியாக உட்காராத ஒரு குழாயை எடுத்து நேராக அடுக்கினார்.